பட்டா அண்ணன் பெயரில், வில்லங்கம் சுத்தம்: இவர் ஒருவரிடம் வீடு வாங்கலாமா?

குடமுருட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் தாராசுரம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது. 2,400 சதுர அடி. வீட்டை இடித்துத்தான் கட்ட வேண்டும், மனைக்குத்தான் விலை. 38 லட்சத்தில் நிற்கிறார்கள், வங்கிக் கடன் போட்டுத்தான் வாங்க முடியும்.

விவரம் இதுதான். 1978-ல் அப்பா கிரயம் வாங்கிய சொத்து. அவர் 2009-ல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மா 2016-ல். பிள்ளைகள் மூன்று ஆண், இரண்டு பெண். மூத்த அண்ணன்தான் இதுவரை அந்த வீட்டில் இருக்கிறார், விற்பவரும் அவர்தான். பட்டா அவர் பெயருக்கு மாறியிருக்கிறது, வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில். கடைசித் தம்பி 2019-ல் தவறிவிட்டார், அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெண்களில் ஒருவர் திருவாரூரில், இன்னொருவர் சிங்கப்பூரில்.

1990-லிருந்து வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றைக் காட்டும் சான்று) போட்டுக் கொடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. மூலப் பத்திரத்தின் கலர் ஜெராக்ஸ் காட்டினார்கள், அசல் லாக்கரில் இருக்கிறதாம். தங்கைகளைப் பற்றிக் கேட்டால் "கல்யாணத்திலேயே நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று, அவர்களுக்கு இதில் பங்கு இல்லை" என்கிறார் அண்ணன். தரகர் இந்த வாரமே 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடச் சொல்கிறார். அதோடு 12 லட்சம் ரொக்கமாகக் கையில் வேண்டுமாம், பத்திரத்தில் 26 லட்சம் காட்டினால் போதுமாம்.

பட்டாவும் வில்லங்கமும் சரியாக இருந்தால் வாங்கலாமா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு

வாங்கலாம் சார், ரொம்ப யோசித்தால் இடம் கைவிட்டுப் போய்விடும். பட்டா அவர் பெயரில் இருக்கிறது, அனுபவமும் அவரிடம்தான். 12 வருஷத்துக்கு மேல் ஒரே ஆள் அனுபவித்தால் அவருக்கே பாத்தியதை ஆகிவிடும். எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் வாங்குகிறார்கள். பயமாக இருந்தால் "பின்னால் யார் வந்து கேட்டாலும் நானே பொறுப்பு" என்று அண்ணனிடம் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவாளர் பார்த்துப் பதிவு செய்து கொடுத்த பிறகு என்ன பிரச்சினை வந்துவிடப் போகிறது?

பத்திரத்தாள்

வெண்ணாறு சொல்வது ஊரில் பலரும் நம்புவதுதான். இவர் காசு கொடுக்கப் போகிறவர் என்பதால் ஒவ்வொன்றாக மறுத்துவிடுகிறேன்.

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அது உரிமைப் பத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் எத்தனையோ தீர்ப்பில் சொல்லிவிட்டது. அப்பா இறந்த பிறகு ஒரு மகன் மட்டும் மனு கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதால் மற்றவர்களின் பங்கு அழிந்துவிடாது. நம் மாநிலத்தில் 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் நில உடைமைப் பதிவில் பெயர் மாறிப்போன பட்டாக்களை இன்று வரை திருத்திக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் அதன் பலம்.

12 வருஷக் கதையும் இங்கே செல்லாது. கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் வீட்டில் இருந்தால், சட்டத்தின் பார்வையில் அவர் எல்லோருக்காகவும்தான் இருக்கிறார். "உங்களுக்குப் பங்கே கிடையாது" என்று மற்றவர்களை வெளிப்படையாக ஒதுக்கி, அவர்கள் அறிய 12 வருஷம் அனுபவித்தார் என்று நிரூபித்தால்தான் எதிரிடை அனுபவம் ஆகும். தங்கைகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து தங்கிப் போகிற வீட்டில் அதை எப்படி நிரூபிப்பார்?

சார் பதிவாளர் விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை. ஆள் யார், முத்திரைத் தீர்வை சரியா, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் தடை செய்யப்பட்ட சொத்தா என்பதையெல்லாம் பார்ப்பார். பதிவானதாலேயே உரிமை உறுதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. "நானே பொறுப்பு" என்ற வரி எல்லாக் கிரயப் பத்திரத்திலும் இருக்கும், அதை வைத்து நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவே. அதற்குள் அவர் பணத்தை எங்கே போட்டிருப்பாரோ.

இப்போது உங்கள் விஷயத்தின் அடித்தளம். இது அப்பா தன் பணத்தில் வாங்கிய சொத்து. உயில் இல்லாமல் இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8-வது பிரிவுப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. (குடும்பம் இந்து என்று வைத்துப் பேசுகிறேன். முஸ்லிம், கிறிஸ்தவர் என்றால் கணக்கு வேறு.) பலரும் 1989 தமிழ்நாடு திருத்தத்தையும் 2005 திருத்தத்தையும் வைத்து, பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது நடந்தது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு. அப்பாவின் சுயார்ஜிதத்தில் (தன் பணத்தில் வாங்கியதில்) மகளுக்கு 1956-லிருந்தே சம பங்கு உண்டு, கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும். நகையும் சீரும் பங்கு ஆகாது. விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிப் பதிவு செய்திருந்தால் மட்டும்தான் அவர்கள் பங்கு போயிருக்கும், அப்படி ஒன்று இருந்தால் வில்லங்கத்தில் வந்திருக்கும்.

ஆக 2009-ல் ஆறு பங்கு. 2016-ல் அம்மாவின் பங்கு ஐந்து பிள்ளைகளுக்கும் போய் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. இறந்த தம்பியின் ஐந்தில் ஒன்று அவர் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்து தலைக்குப் பதினைந்தில் ஒன்று. அப்பாவின் அம்மா, அதாவது இவர்களின் பாட்டி, 2009-ல் உயிரோடு இருந்தாரா என்றும் கேளுங்கள், இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, கணக்கே மாறிவிடும்.

அண்ணனால் உங்களுக்கு விற்க முடிந்தது ஐந்தில் ஒரு பங்கு மட்டும். அதை வாங்கி என்ன செய்வீர்கள்? குடும்பம் வசிக்கும் வீட்டில் பிரிவினையாகாத பங்கை வெளியாள் வாங்கினால், கூடக் குடியேறும் உரிமைகூடக் கிடையாது என்று சொத்து மாற்றச் சட்டம் 44-வது பிரிவு சொல்கிறது. பாகப்பிரிவினை வழக்குப் போட்டு நிற்க வேண்டியதுதான்.

அண்ணன், நடுத் தம்பி, இரண்டு பெண்கள், இறந்த தம்பியின் மனைவி, அவர் பிள்ளைகள் இருவர் என ஏழு பேரும் கையெழுத்துப் போட்டால் வாங்குங்கள். இல்லையென்றால் 38 லட்சத்தை 28 லட்சமாகக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

மகாமகக்குளம்

நான் வங்கிக்குச் சட்டக் கருத்து எழுதித் தருகிற வழக்கறிஞரிடம் பல வருஷம் வேலை பார்த்தவன். பத்திரத்தாள் வாரிசு விஷயத்தைச் சொல்லிவிட்டார், நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

வில்லங்கம் ஏன் 1990-லிருந்து? அப்பா வாங்கியது 1978 என்றால் அந்தக் கிரயமே அதில் வந்திருக்காது. பதிவுத் துறை தளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் நீங்களே பார்க்கலாம், விற்பவர் கொடுத்ததை நம்ப வேண்டியதில்லை. பழைய சர்வே எண், நகர அளவையில் வந்த டி.எஸ். எண் இரண்டுக்கும் தனித்தனியாகப் போடுங்கள். எண் மாறியதால் பழைய அடமானம் கண்ணில் படாமல் போவது சாதாரணமாக நடக்கும். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கிற வழக்கு, அசலைக் கையில் கொடுத்து வாங்கிய கடன் இவையெல்லாம் அதில் வராமல் இருக்கலாம்.

அதனால்தான் கலர் ஜெராக்ஸ் என்றதும் எனக்கு உறுத்துகிறது. அசலை உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டட்டும், முடிந்தால் வக்கீல் முன்னிலையில். காட்டத் தயங்கினால் அது எங்கேயோ அடகில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அசல் கைக்கு வந்ததும் சொத்து விவரத்தை நிதானமாகப் படியுங்கள். 1978 பத்திரத்தில் "கிழமேலடி 40, தென்வடலடி 60" என்ற மாதிரி இருக்கும், நான்கு எல்லையும் "இன்னார் மனைக்கு வடக்கு, தெருவுக்குக் கிழக்கு" என்று எழுதியிருப்பார்கள். இன்னார் மனைக்கு வடக்கு என்றால் அந்த ஆள் உங்களுக்குத் தெற்கே இருக்கிறார், வடக்கே இல்லை. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு எல்லை சரியில்லை என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், தவறான எல்லையைச் சரி என்று நினைத்து வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். பிறகு சர்வேயரை வைத்து டேப் பிடித்து அளந்துவிடுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் பக்கத்து வீட்டுச் சுவர் ஓரடி உள்ளே வந்திருக்கும், கொல்லைப்புறச் சந்து யாருடையது என்று யாருக்கும் தெரியாது. 60 அடி நீளத்தில் ஓரடி போனால் 60 சதுர அடி, உங்கள் விலைக்குக் கிட்டத்தட்ட 95,000 ரூபாய்.

கும்பகோணம் என்பதால் இன்னொன்று. நம் ஊரில் அடிமனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருடையது என்ற வீடுகள் தெருத்தெருவாக இருக்கின்றன. 1978 பத்திரத்தில் மனையும் சேர்த்து விற்கப்பட்டதா, கட்டடமும் அனுபவமும் மட்டுமா என்று பாருங்கள். வீட்டில் கோயிலுக்குப் பகுதி (மனை வாடகை) கட்டிய ரசீது ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிவுத் துறை தளத்தில் அந்த எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு (அரசு வைத்திருக்கும் விலை) பூஜ்யம் என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கோயில், வக்ஃப், அரசு இடங்களுக்கு அப்படித்தான் போட்டு வைத்திருப்பார்கள்.

ரொக்க விஷயம். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, மீறினால் ரொக்கத்தைப் பெற்றவருக்கு அதே அளவு தொகை அபராதம் விழும். அது அண்ணனுக்கு வருகிற வினை. உங்களுக்கு என்ன என்றால், பத்திரத்தில் 26 லட்சம் என்று எழுதினால் வங்கி அதை வைத்துத்தான் கடன் பார்க்கும். நாளைக்கு வழக்கு என்று வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தால் 12 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வரி பயத்தில்தான் விற்கிறவர்கள் ரொக்கம் கேட்கிறார்கள். 1978-ல் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், லாபமும் அத்தனை பங்குதாரர்களுக்குப் பிரியும். ஒரு ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பல குடும்பங்களில் அவர்கள் பயந்த அளவுக்கு வரி வருவதில்லை.

செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 38 லட்சத்துக்கு 3,42,000. இதைக் கடனில் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள், கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அரசலாறு

நான் அந்தத் திருவாரூர் தங்கையின் இடத்தில் இருந்தவள். எங்கள் அப்பா வீட்டையும் அண்ணன்கள் இப்படித்தான் விற்றார்கள். எனக்கும் அக்காவுக்கும் விஷயம் தெரிந்தது, வாங்கியவர் மாடி எழுப்ப ஆரம்பித்த பிறகு. பக்கத்து வீட்டு மாமி போனில் "என்னடி, வீட்டை இடிச்சுட்டாங்களே" என்று கேட்டபோதுதான்.

பாகப்பிரிவினை வழக்குப் போட்டோம். அண்ணன்கள் மேல்தான் கோபம், ஆனால் வாங்கியவரையும் பிரதிவாதியாகச் சேர்க்காமல் வழக்கே போட முடியாது என்று வக்கீல் சொன்னார். கட்டடம் பாதியில் நின்றது. கான்கிரீட் கம்பியெல்லாம் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த வழியாகப் போகும்போது எனக்கே மனசு கேட்காது. அந்த மனிதர் எங்களுக்கு ஒரு கெடுதலும் நினைத்தவரில்லை. கடைசியில் சமரசத்தில் எங்கள் பங்குக்கு அவர்தான் இன்னொரு முறை பணம் கொடுத்தார். அண்ணன்கள் வாங்கிய பணம் அதற்குள் எங்கேயோ போய்விட்டது.

விற்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் வந்து என்னிடம் கேட்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுகூடச் சொல்வேன். பிறந்த வீட்டில் நம்மையும் ஒரு ஆளாக மதித்தார்களா என்பதுதான் அங்கே கேள்வியாக இருந்தது, பணம் பிறகுதான். அதனால் நீங்கள் தரகரை நம்பாமல் அந்தப் பெண்ணை நேரில் போய்ப் பாருங்கள். அண்ணனைக் கூட அழைத்துப் போகாதீர்கள், அவர் முன்னால் அவள் வாய் திறக்க மாட்டாள். தம்பி மனைவியையும் அப்படியே. புருஷன் இல்லாத பெண்ணிடம் "குடும்பத்துக்காகக் கையெழுத்துப் போடும்மா" என்று சொல்லிப் பங்கைக் கொடுக்காமல் விடுவது நம் வீடுகளில் நடக்காத விஷயமில்லை. அவள் பங்கு அவள் வங்கிக் கணக்குக்கே போகிற மாதிரி செய்யுங்கள்.

வெண்ணாறு

அரசலாறு அக்கா எழுதியதைப் படித்த பிறகு எதிர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சந்தேகம், ஏழு பேரையும் சேர்ப்பதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால்?

பத்திரத்தாள்

வாங்கட்டும். ஏழு பேர் இல்லாமல் வாங்குகிறவர் வழக்கைத்தான் வாங்குகிறார்.

குடமுருட்டி

எல்லோருக்கும் மிகவும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை திருவாரூர் போய் அந்தச் சகோதரியைப் பார்த்தேன். விற்பது தெரியும், ஆனால் தனக்குப் பங்கு கிடையாது என்றுதான் அண்ணன் சொல்லியிருக்கிறார். பங்கு கொடுத்தால் கையெழுத்துப் போடத் தயார் என்றார், சிங்கப்பூர் அக்காவிடமும் அங்கிருந்தே போனில் பேச வைத்தார். பாட்டி 2009-க்கு முன்பே இறந்துவிட்டாராம். அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது முதலில் கோபப்பட்டார், நடுத் தம்பி பேசிய பிறகு இறங்கி வந்திருக்கிறார். அசலை எடுத்துக் காட்டினார், அடகில் இல்லை, மனையும் சேர்த்துத்தான் கிரயம் ஆகியிருக்கிறது. ரொக்கம் வேண்டாம், முழுத் தொகையும் பத்திரத்தில் காட்டலாம் என்றும் ஒத்துக்கொண்டார்.

இப்போது இரண்டு சிக்கல். சிங்கப்பூர் அக்காவால் வர முடியாது. இறந்த தம்பியின் மகளுக்கு 21 வயது, ஆனால் மகனுக்கு 17 தான், வரும் மார்ச்சில் 18 முடிகிறது. அவன் அம்மா அவனுக்காகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் தரகர்.

பத்திரத்தாள்

போதாது. மைனருக்குச் சொந்தமான பங்கை அம்மாவே விற்பதானாலும் மாவட்ட நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும், 1956 இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம் 8-வது பிரிவு. அனுமதி இல்லாமல் நடந்த விற்பனையை அந்தப் பையன் 18 முடிந்து மூன்று வருஷத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். பதினைந்தில் ஒரு பங்குதானே, இரண்டரை லட்சம்தானே என்று விடாதீர்கள், நீங்கள் வீடு கட்டி முடித்திருப்பீர்கள் அப்போது. மார்ச்சுக்கு இன்னும் சில மாதம்தான் என்றால் நீதிமன்றத்துக்கு அலைவதைவிடக் காத்திருப்பதே மேல், மனு முடியவே அவ்வளவு காலம் ஆகிவிடலாம்.

பெரியவர்கள் ஆறு பேருடன் இப்போது கிரய ஒப்பந்தம் போடுங்கள், சிங்கப்பூர் அக்காவின் பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) முறையாக வந்து சேர்ந்த பிறகு. மைனர் செய்கிற ஒப்பந்தம் செல்லாது, அதனால் அவனைக் கட்சியாகச் சேர்க்காமல், அவன் மேஜர் ஆகிக் கிரயத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிப் பணம், அவன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அட்வான்ஸை 3 லட்சத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் குறையுங்கள், காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ மட்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், 2012 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் அது கட்டாயம். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது வேண்டாம். பதிவானால் வில்லங்கத்தில் ஏறும், வேறு யாருக்கும் அவ்வளவு சுலபமாக விற்க முடியாது, வெண்ணாறு கேட்டதற்கும் அதுதான் பதில்.

சிங்கப்பூர் அக்கா அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷனில்) பவர் எழுதி அத்தாட்சி வாங்கி அனுப்பட்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவரைத் திருவாரூர் தங்கைக்குக் கொடுப்பது நல்லது. கிரயத்தன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மகாமகக்குளம்

அந்த அக்கா வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர்களிடம் வாங்கும்போது 50 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் வரிப் பிடித்தம் இல்லை. வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த வரம்பு கிடையாது, அவருடைய 7,60,000-க்கு நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும், விட்டுவிட்டால் உங்களிடம்தான் கேட்பார்கள். லாபத்துக்கு மட்டும் பிடிக்கும்படி அவர் முன்கூட்டியே சான்று வாங்கிக்கொள்ளலாம். மார்ச் வரை நேரம் இருக்கிறது, இப்போதே ஆடிட்டரைப் பாருங்கள்.

வாரிசுச் சான்று மூன்று வேண்டும்: அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் தனித்தனியாக. மூன்றிலும் பெயர்களும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கிரயத்தன்று 1978 அசலைக் கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். அதோடு கிரயத்துக்கு முதல் நாள் இரவு இன்னொரு முறை வில்லங்கம் பாருங்கள்.

குடமுருட்டி

அப்படியே செய்கிறேன். அம்மாவுக்கு வாரிசுச் சான்று இதுவரை யாருமே வாங்கவில்லையாம், திங்கட்கிழமை இ-சேவை மையத்தில் மனு போடுவதாகத் திருவாரூர் சகோதரி சொல்லியிருக்கிறார். சர்வேயரையும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.